பாக்கிப் பட்டியல் தானாக வருமா?

கேள்வி: எங்கள் மளிகை மொத்தக் கடையின் கணக்கை எக்செல்லில் நான்தான் எழுதுகிறேன். தேதி, பில் எண், பெயர், பாக்கி என நாலு காலம். சனிக்கிழமைதோறும் பாக்கிக்காரர்களைப் பிரித்து, காப்பி செய்து வேறு ஷீட்டில் ஒட்டுவேன். ஃபில்டர் ஃபங்ஷன் போட்டால் தானாகவே வரும் என்று மகன் எழுதிக் கொடுத்தான். வீட்டு லேப்டாப்பில் போட்டால் #ஸ்பில்! என்கிறது, கடைக் கம்ப்யூட்டரில் அந்த ஃபங்ஷனே இல்லை. எங்கே தப்பு?

பதில்: கடைக் கம்ப்யூட்டரில் இருப்பது 2019 அல்லது அதற்கும் முந்தைய எக்செல்லாக இருக்கும். ஃபில்டர், சார்ட் (வரிசைப்படுத்துவது), யுனிக் (ஒன்றே திரும்ப வராமல் எடுப்பது) எல்லாம் மைக்ரோசாஃப்ட் 365-இலும் எக்செல் 2021 முதலும்தான் உண்டு. இதற்காகக் காசு செலவழிக்காதீர்கள், பிரவுசரில் இலவசமாகக் கிடைக்கும் எக்செல்லிலேயே இவை ஓடும்.

லேப்டாப்பில் வருவது ஃபார்முலாவின் தப்பு இல்லை, இடப் பிரச்சினை. ஃபார்முலா இருப்பது ஏ3 என்ற ஒரே செல்லில்தான், விடை மட்டும் பக்கவாட்டிலும் கீழேயும் தானாக நிரம்பும். இந்த வாரம் 12 பில் பாக்கி என்றால் 12 வரி, அடுத்த வாரம் 19 என்றால் 19 வரி. நீங்களோ பழக்க தோஷத்தில் 15-ஆவது வரியில் 'மொத்தம்' என்று எழுதி வைத்திருப்பீர்கள், அது வழியை மறிக்கிறது. ஃபார்முலா உள்ள ஏ3 செல்லைக் கிளிக் செய்தால் எவ்வளவு இடம் வேண்டும் என்று புள்ளிக்கோடு காட்டும். அதற்குள் ஒன்றுமே தெரியவில்லையா? யாரோ ஸ்பேஸ் பாரைத் தட்டிவிட்டுப் போயிருப்பார்கள், செல்களை மெர்ஜ் செய்திருந்தாலும் இதே கதைதான்.

ஆகவே மொத்தத்தை மேலே, முதல் வரியில் போடுங்கள். ஏ3# என்று எழுதினால் நிரம்பிய முழுப் பட்டியலும் என்று அர்த்தம், எத்தனை வரி வந்தாலும் சரி. ஆனால் அதை அப்படியே =சம்(ஏ3#) என்று கூட்டிவிடாதீர்கள்; எக்செல்லுக்குள் தேதியும் ஓர் எண்தான், இப்போதைய தேதி ஒவ்வொன்றும் 45,000-க்கு மேல், பாக்கி பல லட்சம் ஏறிப்போய் உங்கள் கணவர் மயங்கி விழுவார். =சம்(இன்டெக்ஸ்(ஏ3#,0,4)) என்றால் நாலாவது காலத்தை மட்டும் கூட்டும்.

அப்புறம், 30 நாளுக்கு மேலான பாக்கி மட்டும் வேண்டுமென்றால் இரண்டு நிபந்தனைகளையும் தனித்தனி அடைப்புக்குறிக்குள் எழுதி நடுவில் பெருக்கல் குறி போடுங்கள். எல்லோரும் முதலில் ஆண்ட் ஃபங்ஷனைத்தான் போட்டுப் பார்ப்பார்கள் (நானும்தான்), அது வரிக்கு வரி பார்க்காமல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விடை தரும், ஆகாது. ஃபில்டர் அடைப்புக்குறிக்குள் பட்டியல், நிபந்தனை இரண்டுக்கும் அடுத்து வரும் மூன்றாவது இடத்தில் இரட்டை மேற்கோள் குறிக்குள் 'பாக்கி இல்லை' என்று எழுதி வையுங்கள், யாரும் சிக்காத வாரத்தில் #கால்க்! என்று பயமுறுத்தாது.

கேள்வி: இதையெல்லாம் கூகுள் ஷீட்ஸில் செய்ய முடியாதா?

பதில்: தாராளமாக. அங்கே நிபந்தனைகளுக்கு நடுவில் கமா போட்டாலே போதும். ஆனால் ஏ3# வேலை செய்யாது, 'பாக்கி இல்லை' என்று எழுத மூன்றாவது இடமும் கிடையாது, அதற்கு முழு ஃபார்முலாவையும் இஃப்என்ஏ என்ற ஃபங்ஷனுக்குள் போட்டு மூட வேண்டும். வழியில் ஏதாவது மறித்தால் #ரெஃப்! என்று வரும்.