ஸ்லைடில் ஒரு குரல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வியாசர்பாடியிலிருந்து திருவொற்றியூர் வரை பல பள்ளிகளில் ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பிரசன்டேஷன் தயாரிக்கச் சொல்லித் தருகிறேன். நூல்களை யாரோ வாசித்து இலவசமாகத் தந்திருக்கும் ஒலிப்பதிவுகளை ஸ்லைடில் சேர்ப்பது பற்றித்தான் இந்த முறை அதிகம் கேட்டிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. நல்ல குரல் ஒன்று அறைக்குள் வந்தால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

லிப்ரிவாக்ஸில் ஆங்கிலக் கதைகள் கிடைக்கின்றன. ஒன்பதாம் வகுப்புக்குப் போடலாமா? யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? (ஆசிரியை, கொருக்குப்பேட்டை)

தாராளமாகப் போடலாம் டீச்சர். ஹ்யூ மெக்வையர் என்பவர் 2005-ல் தொடங்கியது லிப்ரிவாக்ஸ். பதிப்புரிமை தீர்ந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசிக்கிறார்கள். வாசித்த பதிவையும் பப்ளிக் டொமைனில், அதாவது எல்லோருக்கும் பொதுவாக விட்டுவிடுகிறார்கள். வெட்டலாம், ஒட்டலாம், படத்தோடு சேர்க்கலாம். தொடக்கத்தில் வரும் அறிவிப்பை நீக்கினாலும் தவறில்லை. ஆனாலும் வாசித்தவர் பெயரைக் கடைசி ஸ்லைடில் போடுங்கள். சட்டம் கேட்கவில்லை, மரியாதை கேட்கிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அவர்கள் அமெரிக்கச் சட்டத்தை வைத்து நூலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே பழைய நூல்களுக்கு வெளியான ஆண்டுதான் கணக்கு. நம் நாட்டில் ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து இன்னும் 60 ஆண்டுகள். அகதா கிறிஸ்டியின் 1920-ஆம் ஆண்டு நாவல் அமெரிக்காவில் பொதுச்சொத்து. அவர் இறந்தது 1976-ல். ஆகவே இந்தியாவில் 2036 முடியும்வரை உரிமை உண்டு. வகுப்பில் பாடம் நடத்தும்போது ஆசிரியர் பயன்படுத்திக்கொள்ள நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதையே வீடியோவாக்கி வெளியே விட்டால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

பாரதியார் கவிதைகள் நாட்டுடைமைதானே? அப்படியென்றால் யூடியூபில் இருக்கும் எந்த வாசிப்பையும் எடுத்துக்கொள்ளலாமா சார்? (கல்லூரி மாணவர், மண்ணடி)

கூடாது தம்பி. பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒரு ஒலிப்பதிவுக்கு இரண்டு பூட்டு. எழுத்துக்கு ஒன்று, பதிவுக்கு ஒன்று. பாரதி 1921-ல் மறைந்தார். அவர் எழுத்தில் பூட்டு இல்லை. ஆனால் போன வருடம் ஒருவர் மைக் வைத்து வாசித்தது அவருடைய பதிவு. வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் அதற்கு உரிமை இருக்கிறது. சினிமாவில் வந்த பாரதி பாட்டு என்றால் மெட்டும் சேர்ந்து மூன்றாகிவிடும். குறளும் அப்படித்தான்: குறள் பொது, நேற்று எழுதிய உரை பொது இல்லை.

பதிவுக்குக் கீழே என்ன உரிமம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘மாற்றம் செய்யக் கூடாது’ என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் (படைத்தவரே நிபந்தனை சொல்லி முன்கூட்டியே தரும் பொது அனுமதி) இருந்தால், அதை வெட்டிப் படங்களோடு கோப்பதற்கு முன் வாசித்தவரிடம் கேட்டுவிடுங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையச் சேமிப்பகத்தில் இருப்பதாலேயே ஒன்று இலவசமாகிவிடாது. அங்கே யார் வேண்டுமானாலும் ஏற்றலாம்.

ஸ்லைடில் சேர்த்த ஒலி வீட்டில் பாடுகிறது, பள்ளி ஹாலில் பாடவில்லை. என்ன செய்வது? (தண்டையார்பேட்டை)

எனக்கும் இது நடந்திருக்கிறது. ஒரு பள்ளி விழாவில் ஏழுகிணற்றில் வளர்ந்த வள்ளலாரைப் பற்றிப் பேச நின்றேன். அவர் பாட்டை வாசித்த குரலோடு தொடங்குவதாகத் திட்டம். ஸ்பீக்கர் படத்தை அழுத்தினேன். சத்தமே இல்லை. இன்னொரு தடவை அழுத்தினேன். முன்வரிசையில் பாட்டிமார் காத்திருந்தார்கள். பென் டிரைவில் நான் கொண்டுபோனது ஸ்லைடுகளை மட்டும். குரல் என் லேப்டாப்பின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே இருந்தது. ஒலியை உள்ளே வைக்காமல் ‘லிங்க்’ கொடுத்திருந்தேன்.

இன்றைய பவர்பாயின்டில் இன்செர்ட், ஆடியோ என்று போனால் ஒலி தானாகவே உள்ளே உட்காரும். ‘லிங்க் டு ஃபைல்’ என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பழைய பிபிடி வடிவில் எம்பி3 உள்ளே போகாது. பிபிடிஎக்ஸ் ஆகச் சேமியுங்கள். லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ் என்றால் ஒலியைச் சேர்க்கும் பெட்டியில் ‘லிங்க்’ டிக்கை எடுத்துவிடுங்கள். கூகுள் ஸ்லைட்ஸில் ஒலி உங்கள் டிரைவில் இருக்கும். அந்த ஃபைலையும் தனியாக ஷேர் செய்யாவிட்டால் மற்றவர் கணினியில் ஒலிக்காது.

கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்க ஒரு வழி: 64 கேபிபிஎஸ் (ஒலியின் தர அளவு) எம்பி3 நிமிடத்துக்கு ஏறக்குறைய அரை எம்பி, 128 என்றால் ஒரு எம்பி. பத்து நிமிட ஒலி சேர்த்த பிறகும் உங்கள் ஃபைல் 800 கேபிதான் காட்டுகிறதென்றால், குரல் உள்ளே போகவில்லை. எப்படியிருந்தாலும் எம்பி3-ஐ அதே பென் டிரைவில் தனியாகவும் போட்டுக்கொள்ளுங்கள். அரை மணி முன்னதாகவே போய், அந்த ஹாலின் கணினியில் ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள்.

22 நிமிடப் பதிவில் எனக்கு வேண்டியது 40 விநாடி. குரலும் சன்னமாக இருக்கிறது. (ராயபுரம்)

பவர்பாயின்டிலேயே பிளேபேக், ட்ரிம் ஆடியோ இருக்கிறது. ஆனால் வெட்டிய பகுதி ஃபைலுக்குள் மறைந்துதான் இருக்கும். ‘கம்ப்ரெஸ் மீடியா’ கொடுத்தால்தான் போகும். குரலையும் உயர்த்த வேண்டும் என்பதால் ஆடாசிட்டியில் வேலையை முடிப்பது நல்லது. ஒலியை வெட்டித் திருத்தும் இலவச மென்பொருள் அது. வேண்டிய வரிகளை மட்டும் வெட்டி, சத்தத்தை உயர்த்த ‘நார்மலைஸ்’ கொடுத்து, மோனோவாக (ஒற்றைத் தட ஒலியாக) ஏற்றுமதி செய்யுங்கள். வாக்கியத்துக்கு முன்னால் வரும் மூச்சை வெட்டிவிடாதீர்கள். அது போனால் குரல் திடுக்கென்று குதிக்கும்.

குரல் ஓடும்போது அதே வரிகளை ஸ்லைடிலும் போடலாமா? (பெரம்பூர்)

வேண்டாம் என்பேன். கண் முந்தி வாசித்து முடித்துவிடும், பிறகு காதுக்கு வேலை இல்லை. ஒரே ஒரு படம் போதும். காது கேளாதவர் சபையில் இருந்தாலோ, ஆங்கிலம் புதிதாகப் பழகும் பிள்ளைகள் இருந்தாலோ மட்டும் வரிகளைக் காட்டுங்கள், அதுவும் ஒவ்வொன்றாக. ஒலியில் வரி தொடங்கும் சொல்லில் பிளேபேக்கில் ‘புக்மார்க்’ (அடையாளக் குறி) வைத்து அனிமேஷனை அதோடு கட்டினால், குரல் அந்தச் சொல்லுக்கு வரும்போது வரி தானாக மேலே வரும்.

ஆண்டு விழாவில் லிப்ரிவாக்ஸ் குரலைப் போட்டோம். வீடியோவை யூடியூபில் ஏற்றியதும் உரிமைக் கோரிக்கை வந்துவிட்டது! (எண்ணூர்)

பயப்பட வேண்டாம். பொதுவில் கிடைக்கும் பதிவை எடுத்துத் தங்கள் பெயரில் விற்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் யூடியூபின் தானியங்கி முறை தவறாகப் பிடிப்பதுண்டு. பதிவு வெளியான பக்கத்தின் முகவரியோடு மறுப்பு அனுப்புங்கள். பதிவிறக்கும் நாளிலேயே அந்த முகவரியைக் குறித்துவைத்துக்கொண்டால் அலைச்சல் மிச்சம்.

தமிழில் இப்படி வாசிப்புகள் குறைவாக இருக்கின்றனவே அண்ணா? (காசிமேடு)

உண்மைதான், லிப்ரிவாக்ஸில் பெரும்பகுதி ஆங்கிலம். இந்தக் குறை எனக்கும் உறுத்தலாகத்தான் இருக்கிறது. நீங்களே வாசித்துக் கொடுங்கள். நாட்டுடைமையான நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் கிடைக்கின்றன. போன் போதும். ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நிறுத்திவிட்டு, ஜன்னலில் கனமான போர்வையைத் தொங்கவிட்டு, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துப் பேசுங்கள். கூட்ஸ் வண்டி போனால் நிறுத்தி, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து வாசியுங்கள். வாசிப்பவர் பாட்டியோ பிள்ளையோ, பொதுவில் விடச் சம்மதம் என்று எழுதி வாங்குங்கள். பிள்ளை என்றால் பெற்றோரிடம். பிறகு சிசி ஜீரோ (எந்த உரிமையும் வைத்துக்கொள்ளாமல் பொதுவில் விடும் கிரியேட்டிவ் காமன்ஸ் குறி) என்று குறித்து இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றுங்கள். அடுத்த மாதம் எனக்கும் ஒரு பிரதி அனுப்பினால், திருவொற்றியூர் வகுப்பில் முதல் ஸ்லைடில் அதைத்தான் போடுவேன்.