பெருமூளை வாதமும் குதிரையேற்றச் சிகிச்சையும்: குதிரை வாங்குவதற்கு முன்

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. பெருமூளை வாதத்தால் இரு கால்களிலும் தசை இறுக்கம் உள்ளது. வாக்கர் பிடித்து நடக்கிறான். கோடை விடுமுறையில் ஏற்காட்டில் ஒரு மட்டக்குதிரையின் மேல் உட்கார வைத்தோம். வழக்கத்தைவிட நிமிர்ந்து உட்கார்ந்தான். இத்தகைய குழந்தைகளுக்குக் குதிரையேற்றம் நல்லது என்று கேள்விப்பட்ட என் கொழுந்தனார், ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தையில் ஒரு குதிரை வாங்கி ஓமலூர்த் தோட்டத்தில் கட்டிவிடலாம் என்கிறார். செய்யலாமா?
– ஒரு தாய், சேலம்

பதில்: கொழுந்தனாரின் அக்கறை மதிக்கத்தக்கது. ஆயினும் குதிரை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

மகன் நிமிர்ந்து உட்கார்ந்ததாக நீங்கள் கண்டது பிரமை அன்று. குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்னும் பின்னும் சாய்ந்து, இடமும் வலமும் அசைந்து, சற்றே திரும்பவும் செய்கிறது. இந்த மூவகை அசைவும் மனிதர் நடக்கையில் இடுப்பு அசையும் விதத்தை மிகவும் ஒத்திருப்பதால், சரியாக நடக்க இயலாத குழந்தையின் இடுப்பும் முதுகுத் தசைகளும் அந்த அசைவுக்கு ஈடுகொடுத்துப் பழகுகின்றன. கால்களை அகட்டி உட்கார்வதால் உள்தொடைத் தசைகளின் இறுக்கமும் சிறிது தளர்கிறது. உட்காரும் நிலையும் சமநிலையும் மேம்படுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் இது மூளையில் ஏற்பட்ட பாதிப்பைக் குணப்படுத்தாது. வழக்கமான இயன்முறைப் பயிற்சிக்கு மாற்றும் ஆகாது. போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தும் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் வென்ற டென்மார்க்கின் லிஸ் ஹார்டெலைப் பலர் எடுத்துக்காட்டுவார்கள். நோய் வருவதற்கு முன்பே அவர் தேர்ந்த வீராங்கனை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

குதிரையைப் பற்றி யோசிப்பதற்கு முன் செய்யவேண்டியது இடுப்பு எக்ஸ்ரே. பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் தொடை எலும்பின் தலை இடுப்புக் குழியை விட்டு மெல்ல விலகுகிறது. கால்சட்டை மாற்றும்போது ஒரு கால் மட்டும் விரிய மறுப்பது இதன் அறிகுறியாக இருக்கலாம். ஆனால் தொடக்கத்தில் வலியே இல்லாமலும் போகலாம் என்பதால், பார்வைக்கு நன்றாக இருக்கிறான் என்று விட்டுவிடக் கூடாது. தொடை எலும்புத் தலையின் 30 சதவீதத்துக்கு மேல் குழிக்கு வெளியே விலகியிருந்தால், கால்களை அகட்டி உட்காரலாமா என்பதை எலும்பு மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கட்டுப்படாத வலிப்பு இருந்தாலும், முதுகெலும்பு பெரிதும் வளைந்திருந்தாலும் குதிரை ஏறக் கூடாது. டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தை என்றால் கழுத்தெலும்பையும் சோதிப்பது கட்டாயம்.

இனி குதிரை. அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தைக்கு வரும் மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகள் துடிப்புக்கும் விழிப்புக்கும் பெயர்பெற்றவை. சிகிச்சைக்கான குதிரையோ வாக்கர் தரையில் உரசும் ஓசைக்கும், குழந்தையின் திடீர் அலறலுக்கும், இருபுறமும் ஒட்டி நடக்கும் ஆட்களுக்கும் மிரளாமல் இருக்கவேண்டும். மாதக்கணக்கில் பழக்கினாலும் எல்லாக் குதிரைக்கும் அது வந்துவிடாது. குதிரையைப் பிடித்து நடத்த ஒருவர், குழந்தையின் தொடைமேல் கைவைத்துத் தாங்கியபடி இருபுறமும் வர இருவர், இவர்களை வழிநடத்தப் பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர் என, ஒரு குழந்தைக்கு நான்கு பேராவது வேண்டும். ஆள் குறைவு என்று குழந்தையைச் சேணத்தோடு துணியால் கட்டிவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து எந்நிலையிலும் அப்படிச் செய்யாதீர்கள். குதிரை இடறி விழுந்தால் குழந்தை அதன் அடியில் சிக்கிக்கொள்ளும்.

பயிற்சி பெற்ற மையங்கள் பெங்களூர், சென்னை போன்ற பெருநகரங்களில் இயங்குகின்றன. சேலத்திலிருந்து பெங்களூர் சுமார் 200 கிலோமீட்டர். அரை மணி நேரச் சிகிச்சைக்காக வாரந்தோறும் அவ்வளவு தூரம் உட்கார்ந்தே போய்வந்தால், தளர்ந்த தசைகள் காரிலேயே மீண்டும் இறுகிவிடும். விடுமுறையில் சில வாரங்கள் அங்கேயே தங்க முடியுமானால் மட்டும் முயலுங்கள். மற்ற நாட்களில், உங்கள் இயன்முறை மருத்துவரிடம் கேட்டு, பாதங்கள் தரையில் முழுதாகப் பதியும் உயரமுள்ள உருளை மெத்தையில் அவனை இருபுறமும் கால் போட்டு உட்கார வைத்து, மெல்ல அசைத்துப் பயிற்சி கொடுங்கள்; குதிரையின் அசைவு முழுமையாகக் கிடைக்காவிட்டாலும், முதுகுக்கும் இடுப்புக்கும் தினமும் வேலை கிடைக்கும்.

அடுத்த முறை ஏற்காடு சென்றால், 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிய களைப்புத் தீர முதலில் சற்று நேரம் படுக்கவையுங்கள். எலும்பு மருத்துவர் அனுமதிக்கும்வரை சவாரி வேண்டாம். குதிரைக்காரர் பக்கத்தில் நிற்க, அதன் கழுத்தைத் தடவிக் கொடுக்கட்டும்; விரித்த உள்ளங்கையில் கேரட் வைத்து நீட்டட்டும். வாக்கரை விட்டு ஒரு கையை எடுத்து நீட்டுவதே அவனுக்கு நல்ல சமநிலைப் பயிற்சி. நீங்கள் பின்னால் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டால் போதும்.