3 மணிக்கு உங்களை எழுப்புவது யார்?

கேள்வி: நாங்கள் பாறசாலைப் பக்கம். கணவர் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறார். மகளின் பள்ளிச் செலவுக்காக 2 மாதத் தசமபாகத்தை (சபைக்குக் கொடுக்கும் வருமானத்தின் பத்தில் ஒரு பங்கு) எடுத்துச் செலவழித்துவிட்டேன். அடுத்த மாதம், மழை விட்ட மறுநாள், அவர் தோட்டத்துச் சரிவில் வழுக்கி விழுந்து கால் ஒடிந்தது. "ஆண்டவருக்குள்ளதைப் பிடித்து வைத்தால் ஆஸ்பத்திரி வழியாக வாங்கிக்கொள்வார்" என்று ஜெபக்கூட்டத்தில் ஒருவர் சொன்னார். உடனே வட்டிக்கு வாங்கிப் பாக்கியைக் கட்டினேன். இப்போது அவருக்குப் பதிலாக விடியற்காலை 3 மணிக்கு நான்தான் பால் வெட்டப் போகிறேன். ஒரு ஜெபமும் தவறவிடுவதில்லை. எல்லாம் பயத்தில்தான். "அம்மாவுக்கு ஆண்டவர்மேல் பிரியமா, பயமா?" என்று 14 வயது மகள் கேட்கிறாள். பயத்தை விட்டால் கீழ்ப்படிதலும் போய்விடுமோ?
– பெயர் வேண்டாம், பாறசாலை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த ஒடிந்த காலைப் பற்றிப் பேசிவிடுவோம். மழை பெய்த சரிவில், இருட்டில், தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு நடக்கிறவர் வழுக்கி விழத் தசமபாகப் பாக்கி வேண்டியதில்லை, பாசி போதும். இப்படிக் கணக்குப் போடுகிறவர்கள் இயேசுவின் காலத்திலும் இருந்தார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். எருசலேமில் இருந்த எல்லாரையும்விட இவர்கள் குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, "அப்படியல்ல" என்று அவரே பதிலும் சொன்னார் (லூக்கா 13). அடுத்த மூச்சில் மனந்திரும்பச் சொல்லி எச்சரித்தார், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த எச்சரிக்கை, கேட்டுக்கொண்டு நின்ற அத்தனை பேருக்கும். செத்தவர்களின் வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டு அவர் அதைச் சொல்லவில்லை. உங்கள் ஜெபக்கூட்டத்துக்காரர் செய்தது அதைத்தான்.

வட்டிக்கு வாங்கிக் கட்டியது வேண்டாத வேலை. கோபித்துக்கொள்ளாதீர்கள். "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்று பவுல் எழுதியது கொடுப்பதைப் பற்றித்தான். முதலில் கடனை அடையுங்கள். போதகரிடம் நிலைமையைச் சொல்லுங்கள். இந்த நேரத்தில் சபை உங்களுக்குக் கொடுக்க வேண்டுமே தவிர, உங்களிடம் வாங்கக் கூடாது.

சரி, பயத்துக்கு வருவோம். ஜெபம் பண்ணாமல் படுத்தால் சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லித்தான் என் பாட்டி என்னை வளர்த்தாள். பாதித் தூக்கத்தில் எழுந்து, "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கி ஒரே மூச்சில் ஆமென் வரை ஓட்டிவிட்டுக் கண்களைக் கைகளால் பொத்திக்கொண்டு தூங்குவேன். பிதாவே என்று கூப்பிட்ட கையோடு அவரிடமிருந்தே கண்ணைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போது உறைக்கவில்லை.

"கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம்" என்று வேதத்திலேயே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 130-ம் சங்கீதத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது: "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு." பல வருடம் இதை அச்சுப்பிழை என்றே நினைத்திருந்தேன். தண்டனை உண்டு, அதனால் பயம் என்றால் புரிகிறது. மன்னிப்பு உண்டு, அதனால் பயமா? நம்மை மன்னித்த ஒருவரை மறுபடி நோகடிக்க மனம் கூசுகிறதே, அந்தக் கூச்சத்தைத்தான் சங்கீதக்காரன் பயம் என்கிறான். அடிக்கிறவரிடம் அந்தக் கூச்சம் வராது. அவரிடம் அகப்படாமல் இருந்தால் போதும் என்றுதான் தோன்றும்.

உங்கள் ஊரின் பழைய கதையும் ஒன்று உண்டு. ரிங்கல்தௌபே என்ற மிஷனரி 1806-ல் திருவிதாங்கூருக்கு ஊழியம் செய்ய வந்தார். அங்கே அடிமைமுறை சட்டப்படி ஒழிந்ததோ 1855-ல்தான். இடைப்பட்ட காலத்தில் வேதம் கேட்க வந்தவர்களில், விலைக்கு விற்கப்படக்கூடியவர்களும் இருந்தார்கள். "திரும்பவும் பயப்படுகிறதற்கு நீங்கள் அடிமைத்தனத்தின் ஆவியைப் பெறாமல்" என்ற ரோமர் நிருப வசனம் அவர்கள் காதில் வெறும் உவமையாக விழுந்திருக்குமா? பயத்தில் கீழ்ப்படிவது என்னவென்று அவர்களுக்கு முதுகிலேயே தெரியும். அப்படிப்பட்டவர்களிடம், இனி நீங்கள் "அப்பா" என்று கூப்பிடலாம் என்று சொன்ன மார்க்கம் இது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. அதற்கான பதிலை உங்கள் கடிதத்திலேயே ஒரு வரியில் எழுதிவிட்டு, கவனிக்காமல் தாண்டிவிட்டீர்கள். 3 மணிக்கு வெட்டப் போகிறேன் என்றீர்களே, அந்த வரி. வெயில் ஏறினால் பால் குறையும் என்பதும், கத்தி பட்டையைத் தாண்டித் தடியில் பட்டால் அந்தக் காயத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வராது என்பதும் உங்களுக்குத் தெரியும். பயந்து வெட்டுகிறவரையும் பார்த்திருப்பீர்கள். இன்றைக்குப் பால் குறைந்தால் ஏச்சு விழுமே என்று ஆழமாக இறக்கிவிடுவார். அன்றைக்குச் சிரட்டை நிறையும், மரம் கெடும். நீங்கள் அப்படி வெட்டமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். போகாவிட்டால் உங்களை அடிக்கப் போவது யார்? கட்டிலில் கிடக்கிற மனுஷனுக்கு வேலை போய்விடக் கூடாதே என்று போகிறீர்கள். அதற்காக யாரும் உங்களுக்குத் தசமபாகத்தைப் பற்றிய மல்கியா வசனத்தை வாசித்துக் காட்டவில்லை. "நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்" என்று இயேசு சொன்னபோது, இந்த 3 மணி எழும்பல் மாதிரி ஒன்றைத்தான் கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

பயம் ஒரே நாளில் போகாது. ஒரு ஜெபம் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்டாதீர்கள். தவறியது தவறியதாகவே கிடக்கட்டும். அப்புறம் ஒரு கெடுதலும் நடக்காது என்று உத்தரவாதம் தரமாட்டேன். சரிவில் மறுபடி வழுக்கவும் செய்யலாம். அது வேறு, இது வேறு என்று மனம் பழக நாளாகும்.

மகளிடம் உண்மையையே சொல்லுங்கள்: "இதுவரைக்கும் பயம்தான் மக்களே." 14 வயதுப் பிள்ளைக்கு அது தாங்கும். பள்ளி இல்லாத ஒரு நாள், அவளுக்கு இஷ்டமென்றால், தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அம்மா எப்படி வெட்டுகிறாள் என்று பக்கத்தில் நின்று பார்க்கட்டும். லைட் இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.