அப்டேட் போட்டதும் டேப்லெட் முடங்கியது: வாரன்டி முடிந்தபின் வழக்குப் போடலாமா?

கேள்வி: மூன்றரை ஆண்டுக்கு முன் வாங்கிய டேப்லெட். கம்பெனியே அனுப்பிய அப்டேட்டைப் போன மாதம் போட்டேன். அன்றிலிருந்து லோகோவோடு நின்றுவிடுகிறது. சர்வீஸ் சென்டரில், "போர்டு போய்விட்டது, வாரன்டியும் இல்லை, பணம் கட்டி மாற்றிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?

பதில்: வழக்குப் போடலாம். ஆனால் போர்டை மட்டும் இப்போது மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் பழைய போர்டு அவர்கள் கைக்குப் போய்விடும், உங்கள் முக்கியச் சாட்சியும் அதோடு போகும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 38(2)-இன் கீழ் நுகர்வோர் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அனுப்பப் பொருள் இருக்க வேண்டுமே.

வாரன்டி முடிந்தது பெரிய தடையல்ல. முடிந்தபிறகும் கம்பெனி தானே ஒரு மென்பொருளை அனுப்பி, அதனால் கருவி கெட்டால், வழக்குமூலம் (வழக்குத் தொடுக்கும் காரணம்) அந்த நாளில் பிறக்கிறது என்பது நம் வாதம். பிரிவு 69 தரும் இரண்டு ஆண்டுக் காலவரம்பும் அன்றிலிருந்தே ஓடுகிறது. எதிர்த்தரப்பு, "அப்டேட் இலவசம், இலவசமாகச் செய்வது பிரிவு 2(42)-இன்படி சேவையே அல்ல" என்று சொல்லும். கருவியின் விலையிலேயே அது அடங்கியிருக்கிறது என்பது நம் பதில். இத்தனை ஆண்டுக்கு அப்டேட் தருவோம் என்று விற்கும்போது விளம்பரம் செய்திருந்தால், அதன் நகலைத் தேடி எடுங்கள். அந்த ஒரு தாள் நிறைய வேலை செய்யும்.

அதே சட்டத்தில், கெட்ட பொருளால் வந்த தீங்குக்கு இழப்பீடு கேட்கும் "பொருள் பொறுப்பு" அத்தியாயத்தில் வழக்குப் போடச் சிலர் சொல்வார்கள். வேண்டாம். பிரிவு 2(22)-இல் உள்ள "தீங்கு" விளக்கம் அந்தப் பொருளுக்கே ஏற்பட்ட சேதத்தை விலக்கிவிடுகிறது. பொருளின் குறைபாடு, சேவைக் குறைபாடு என்ற இரண்டோடு நில்லுங்கள்.

உண்மையான சிக்கல் நிரூபணத்தில்தான். பழைய கருவியில் ஃபிளாஷ் மெமரி (டேட்டாவைச் சேமிக்கும் சிப்) தேய்ந்திருக்கும், பேட்டரியும் தளர்ந்திருக்கும். அப்டேட் ஒரே மூச்சில் நிறைய டேட்டாவை எழுதும்போது, ஏற்கெனவே நலிந்த பாகம் அந்த நேரத்தில் கைவிடுவதும் உண்டு. கம்பெனி இதைத்தான் பிடித்துக்கொள்ளும். போதாததற்கு, பல பழைய மாடல்களில் சிஸ்டத்துக்கு ஒரே பார்ட்டிஷன்தான், அதாவது மென்பொருளின் ஒரு பிரதிக்குத்தான் இடம். நடுவில் மின்சாரம் நின்றால் பழைய பதிப்புக்குத் திரும்ப வழியில்லை. அதனால் அப்டேட்டின்போது சார்ஜ் எவ்வளவு இருந்தது, சார்ஜரில் இருந்ததா என்பதை நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள்.

சர்வீஸ் சென்டர் பழுதைக் குறித்துத் தரும் ஜாப் ஷீட்டில் "டெட்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவார்கள். "இந்தத் தேதியில் அப்டேட் முடிந்ததிலிருந்து லோகோவில் நிற்கிறது" என்று எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். மறுத்தால் அன்றே அதே வாசகத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஆண்ட்ராய்டு கருவி என்றால், ரிகவரி மோட் (பழுதுநேரத்துக்கான தனி மெனு) திறக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் திரையின் மேல்பகுதியில் பில்டு விவரம் (மென்பொருள் பதிப்பு எண்) தெரியும், அதைப் படமெடுங்கள். அங்கே எல்லாவற்றையும் அழித்துவிடும் "வைப் டேட்டா" இருக்கும், தொடாதீர்கள். கடைக்காரர் பூட்லோடரை (கருவியைத் தொடக்கும் மென்பொருளின் பூட்டை) திறந்து வேறு இயங்குதளம் ஏற்றித் தருகிறேன் என்றாலும் வேண்டாம். சில கருவிகளில் அந்தத் தடயம் அழியவே அழியாது, "வாடிக்கையாளர்தான் கெடுத்தார்" என்று வாதிட அது போதும். அதே மாடலில் அதே அப்டேட்டால் மற்றவர்களுக்கும் இப்படி ஆகியிருந்தால், அந்தப் புகார்களைத் தேதியோடு சேமியுங்கள்.

அடுத்து, கம்பெனிக்கும் சர்வீஸ் சென்டருக்கும் 15 நாள் அவகாசத்தோடு நோட்டீஸ் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகார் பதிவு செய்யலாம். பலிக்காவிட்டால், பிரிவு 34-இன்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.

முழு விலையைக் கேட்காதீர்கள். மூன்றரை ஆண்டு பயன்படுத்திய பொருளுக்கு அது எடுபடாது. இலவசப் பழுதுநீக்கம், இல்லையேல் தேய்மானம் போக மிச்ச மதிப்பு, கூடவே செலவுத்தொகை என்று கேளுங்கள். படங்களுக்கும் மின்னஞ்சல்களுக்கும் பாரதிய சாக்ஷிய அதினியம், 2023 (சாட்சியச் சட்டம்), பிரிவு 63(4)-இன்படி மின்னணு ஆவணங்களுக்கான சான்றிதழை இணைத்துவிடுங்கள். ஆணையம் வற்புறுத்தாமல் விடலாம், எதிர்த்தரப்பு வக்கீல் விடமாட்டார்.