வாட்டில் திட்டு வாங்கும் தாதி மாணவர்கள்: கேள்வி பதில்

மலையக வாட்டுகளில் பல வருடம் வேலை செய்துவிட்டு, இப்போது பயிற்சி மாணவர்களோடு இருக்கிறேன். வாட்டில் திட்டு வாங்குவதைப் பற்றிப் போன வாரம் கேட்கச் சொல்லியிருந்தேன். நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள்.

தலவாக்கலை, முதலாம் வருடம்: அக்கா, மருந்து ட்ரே கொண்டுபோகப் பிந்திவிட்டது. நோயாளிகள் எல்லாரும் பார்க்க, "உனக்கெல்லாம் எதுக்கு இந்த யூனிபோர்ம்?" என்று ஒரு மிஸ் (மூத்த தாதி) கேட்டார். தப்பு என் பேரில்தானே, இதைப் பெரிதாக எடுக்கலாமா?

ட்ரே பிந்தியது உங்கள் தப்பு. "அடுத்த தடவை பத்து நிமிடம் முன்னாலேயே எடு" என்று சத்தமாகவே சொல்லியிருந்தாலும் அது பாடம். "உனக்கெல்லாம்" என்றது பாடம் இல்லை. அந்தோனி, யாஸ்டிக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2011இல் தாதி மாணவர்களிடம் கேட்டு, அவர்கள் சந்திக்கும் மரியாதைக்குறைவை மூன்றாகப் பிரித்தார்கள்: ஒதுக்கிவைப்பது, கடுமையாகப் பேசுவது, அலட்சியம் செய்வது. நான் அதிகம் பார்த்தது ஒதுக்குவதைத்தான். ஷிப்ட் மாறும்போது நோயாளிகளின் நிலையைச் சொல்லி ஒப்படைக்கும் ஹேண்டோவர் நேரத்தில் பின்வரிசையில் நிற்கிற பிள்ளையின் பெயர்கூட யாருக்கும் தெரியாது, "ஏய் ஸ்டூடன்ட்" மட்டும்தான்.

பண்டாரவளை: "நாங்களும் திட்டு வாங்கித்தான் படித்தோம்" என்கிறார்களே?

நானும் அப்படித்தான் படித்தேன். அதில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். இரண்டாம் வருடம், பிரசவ வாட்டு. அந்த வாரம் இரண்டு முறை சந்தேகம் கேட்டு இரண்டு முறையும் நன்றாக வாங்கிக் கட்டியிருந்தேன். அன்று இரவு, குழந்தை பெற்ற ஒரு தோட்டத்து அம்மாவுக்கு நாடி 120 வந்தது, அது அதிகம். பி.பி. 90/60, அது குறைவு. கையில் சுற்றும் கஃப்பைச் சரியாகக் கட்டவில்லையோ என்று திரும்பக் கட்டினேன். அதே கணக்கு. மறுபடியும் திட்டு விழுமே என்று யாரிடமும் போகவில்லை, குறித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். மார்கழிக் குளிர், அம்மா கழுத்து வரை கம்பளியைப் போர்த்தியிருந்தார். கால் மணி நேரம் கழித்து இன்னொரு மிஸ் வந்து கம்பளியை விலக்கினபோது ரப்பர் ஷீட்டில் இரத்தம் குளம் கட்டிக் கிடந்தது. அம்மா பிழைத்துக்கொண்டார். அந்தக் கால் மணி நேரம் இன்றைக்கும் என் தொண்டையில் நிற்கிறது.

2015இல் ரிஸ்கின் என்பவரும் கூட்டாளிகளும் இஸ்ரேலில் பச்சிளம் குழந்தைகளைப் பார்க்கும் 24 குழுக்களை வைத்து ஒரு பயிற்சிச் சோதனை நடத்தினார்கள். வெளியாள் ஒருவர் மட்டம்தட்டிப் பேசிய குழுக்களில் நோயைக் கண்டுபிடிப்பதும் குறைந்தது, சிகிச்சை செய்யும் கைத்திறனும் குறைந்தது. ஒருவருக்கொருவர் தகவல் சொல்வதும் உதவி கேட்பதும் குறைந்துபோனதுதான் அதற்குக் காரணம். மாணவியைத் திட்டினால் அடிபடுவது கட்டிலில் கிடப்பவர். அதனால்தான் இதை "மனசு நோகிற விஷயம்" என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

ஹட்டன்: எனக்குச் சிங்களம் திக்கும், ஹேண்டோவரில் சிரிக்கிறார்கள். தோட்டத்து நோயாளி வந்தால் மட்டும் மொழிபெயர்க்கக் கூப்பிடுகிறார்கள்.

"மேலுக்கு முடியல", "கிறுகிறுங்குது" என்று ஒரு பாட்டி சொல்வதை அந்த வாட்டில் புரிந்துகொள்வது நீங்கள் மட்டும்தான் என்றால், அது எடுபிடி வேலை இல்லை, தாதி வேலை. இலங்கை அரசியலமைப்பின் 1987இன் பதின்மூன்றாவது திருத்தத்திலிருந்து தமிழும் அரச கரும மொழி. தன் நோயைப் பற்றித் தன் மொழியில் கேட்க அந்தப் பாட்டிக்கு உரிமை இருக்கிறது. ஆனால் மொழிபெயர்ப்பதால் உங்கள் பயிற்சி வேலை தவறினால் டியூட்டரிடம் சொல்லுங்கள். அப்புறம், ஹேண்டோவரில் திரும்பத் திரும்ப வருவது ஒரு முப்பது நாற்பது வாக்கியம்தான். சிங்களத் தோழி ஒருத்தியோடு ஹொஸ்டலில் தினமும் சொல்லிப் பழகுங்கள்.

பதுளை: அந்த நேரத்தில் வாயடைத்துப் போகிறது அக்கா. என்னதான் சொல்வது?

தம்பி, வாய் அடைக்கத்தான் செய்யும். அதனால் வாக்கியத்தை முன்கூட்டியே தயார் செய்ய வேண்டும். 2004இல் மார்த்தா கிரிஃபின், பொஸ்டனில் 26 புதிய தாதியருக்கு இப்படியான பதில்களை அட்டையில் எழுதிக் கொடுத்துப் பழக்கினார். என்னுடைய வாக்கியம் இது: "மிஸ், நான் எதைப் பிழையாகச் செய்தேன் என்று சொல்லுங்கள், இப்போதே திருத்துகிறேன்." குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு ஆளை விட்டு வேலைக்குத் திரும்பிவிடும். திரும்பாவிட்டால் அன்றிரவே தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எழுதி வையுங்கள். டியூட்டரிடம் தனியாகப் போகாதீர்கள், பெட்ச்மேட் ஒருவரையும் கூட்டிப் போங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: ஒருவர் வேண்டுமென்றே உரசுகிறார், அசிங்கமாகப் பேசுகிறார்.

இது மரியாதைக்குறைவு இல்லை தங்கச்சி, குற்றம். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை. இன்றைக்கே டியூட்டரிடம் சொல்லுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

நுவரெலியா, மூன்றாம் வருடம்: நேற்று நானே ஒரு ஜூனியரை எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன்.

சொன்னதற்கு நன்றி. நாளைக்குப் போய், கத்தின அதே இடத்தில், அதே ஆட்கள் இருக்கும்போது "நான் பேசினது பிழை" என்று சொல்லுங்கள். அவளுடைய பெயர் தெரியாவிட்டால் முதலில் அதைக் கேளுங்கள். அப்புறம் அவள் கையில் பி.பி. செட்டைக் கொடுத்துப் பக்கத்தில் நில்லுங்கள்.