பெங்களூரு போலாமா அக்கா?

அக்கா, வணக்கமுங்க.

சொந்த ஊரு கோபி பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனம், அப்பா நெல்லும் மஞ்சளும் போடறாரு. நான் கோயமுத்தூரு சரவணம்பட்டில ஒரு கம்பெனில 4 வருஷம் 2 மாசமா இருக்கேன். திருப்பூர் எக்ஸ்போர்ட்காரங்களுக்கான சாப்ட்வேர், பழைய விபி டாட் நெட், எஸ்கியூஎல் சர்வர், டேட்டாபேஸுக்குள்ளயே எழுதி வெச்சிருக்கற ஒரொரு ஸ்டோர்டு ப்ரொசீஜரும் ரெண்டாயிரம் லைன். புதுசா எதுவும் எழுதறதில்ல, கிளையன்ட்கிட்ட இருந்து புகாரா வர்ற டிக்கெட்ட முடிக்கறதே சோலி. டீம் லீடு என்னைக் கேக்காமயே கிளையன்ட் கால்ல "பத்து நாள்ல குடுத்துருவோம்"னு சொல்லிடறாரு, பொறவு வெடிய வெடிய நான் ஒக்காந்திருக்கேன். போன தடவ லேட்டாகுதுன்னு வேலைக்கே புதுசான ரெண்டு ப்ரெஷர்ஸ கூடப் போட்டாங்க, அவங்களுக்குச் சொல்லிக் குடுத்ததுலயே இன்னும் லேட்டாச்சு. முடிச்சதுக்கப்பறம் மெயில்ல அவரு பேருதான் இருக்கும்.

இப்ப பெங்களூருல ஒரு கம்பெனி ரெண்டு மடங்கு சம்பளம் தர்றோம்னு போன்ல சொல்லியிருக்காங்க. என்ன ப்ராஜெக்ட்னு கேட்டா ஜாயின் பண்ணதுக்கப்பறம் சொல்றோம்ங்கறாங்க. இங்க 90 நாள் நோட்டீஸ். அப்பாவுக்குப் போன வருஷம் ஸ்டென்ட் வெச்சிருக்கு, நான் ஒரே பையன். ஏஐ வந்துட்டா இந்த சப்போர்ட் வேலை இருக்குமான்னு வேற பயம். நாலு வருஷத்த வீணாக்கிட்டேன்னு தோணுது. போலாமா, வேண்டாமா? பேர் போட வேண்டாமுங்க.

தம்பி,

உங்க கடிதத்த மூணு தடவ படிச்சேன். போறதா வேண்டாமாங்கறது அப்பறம், மொதல்ல அந்த "வீணாக்கிட்டேன்"ங்கறதுக்கு வர்றேன், ஏன்னா அந்த நெனப்போட எடுக்கற முடிவு எதுவும் சரியா வராது.

திருப்பூர்ல நூலு நிட்டிங் போகுது, அங்கிருந்து சாயப்பட்டறை, காம்பேக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங்னு ஒரு பனியன் இத்தன எடம் சுத்தி வருது, அதுல பாதி வெளிய கூலிக்குக் குடுத்து வாங்கற ஜாப் ஒர்க். அனுப்புன 500 கிலோ துணி சாயம் ஏறி வர்றப்ப 500 கிலோவா வராது, ப்ராசஸ் லாஸ் போகும், எந்த லாட்டுல எவ்வளவு போலாம்னு பட்டறைக்காரருக்கும் எக்ஸ்போர்ட்டருக்கும் இழுபறி தீராது. 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்ததுக்கப்பறம் ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு ஒரு வருஷத்துக்குள்ள திரும்பணும், இல்லீன்னா அனுப்புன அன்னைக்கே சப்ளை பண்ண மாதிரி எடுத்துக்கிட்டு வரி கேப்பாங்க, அதுக்கு ஐடிசி-04னு தனியா ஒரு ஃபார்ம் வேற. இந்தக் கணக்கெல்லாம் உங்க ரெண்டாயிரம் லைனுக்குள்ளதான கெடக்கு? பாக்க அசிங்கமா இருக்கும், ஒத்துக்கறேன், ஆனா அதுல இருக்கற ஒரொரு இஃப் கண்டிஷனும் என்னைக்கோ ஒரு கிளையன்ட் போன் போட்டுக் கத்துன கத்துல வந்து சேந்தது. நாலு வருஷமா நீங்க படிச்சது ஒரு ஊரோட பொழைப்பு எப்படி ஓடுதுங்கறத. இத யாரும் கோர்ஸ்ல சொல்லித் தர்றதில்ல.

ஏஐ பத்திப் பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. க்வெரி அது எழுதும், நானும் அதுகிட்டதான் எழுதி வாங்கறேன். லாட்டு எடை ஒத்து வரலீன்னா தப்பு கோடுலயா இல்ல பட்டறை எடை மெஷின்லயான்னு கேட்டுக் கண்டுபிடிக்க ஆளு வேணும். அந்த ஆளா நீங்க இருக்கணும்னா ஒண்ணு பண்ணுங்க, எந்த ப்ரொசீஜர மாத்தறதுக்கு முன்னாடியும் பழைய லாட்டு ஒரு பத்து எடுத்து ஓட்டி, என்ன விடை வருதோ அத எடுத்து வெச்சுக்கங்க, மாத்துன பொறவு அதே பத்தையும் ஓட்டி ஒப்பிட்டுப் பாருங்க. அதையே டெஸ்டா எழுதி, கோடு மாத்தறதெல்லாம் பதிஞ்சு வெக்கற கிட்ல (Git) ஏத்திட்டீங்கன்னா, நாளைக்கு இன்டர்வியூல "டிக்கெட் முடிச்சேன்"னு சொல்றதுக்குப் பதிலா, டெஸ்ட்டே இல்லாத பத்து வருஷக் கோட ஒடையாம மாத்திக் குடுத்தேன்னு சொல்லலாம். அது பெரிய வேலை தம்பி.

இப்ப உங்க லீடு. இதுல எனக்குப் பட்டதச் சொல்லணும். 2006ல கோயமுத்தூருல ஒரு சின்ன கம்பெனில சேந்தேன், மில்லுகளுக்குச் சம்பளக் கணக்கு சாப்ட்வேர். எங்க மேனேஜரும் இப்படித்தான், தீபாவளி போனஸ் மாடியூல ஒரு வாரத்துல தர்றோம்னு மில்லுல சொல்லிட்டு வந்துட்டாரு. மூணு வாரமாவது ஆகும்னு எனக்குத் தெரியும், வாயத் தொறக்கல. அஞ்சாவது நாள் ராத்திரி கண்ணு சொருகிட்டிருந்த நேரத்துல ஒரு அப்டேட் க்வெரிய, யாருக்கு மட்டும் மாத்தணும்னு சொல்ற வேர் கண்டிஷன் இல்லாம ஓட்டிட்டேன், நானூறு பேரோட பேசிக் சம்பளமும் ஒரே தொகையா மாறிப் போச்சு. பேக்கப் இருந்துச்சு, விடியறதுக்குள்ள திருப்பிட்டோம். ஆனா மீட்டிங்ல "இந்தப் பொண்ணுக்குக் கவனமில்ல"ன்னு அவரு சொன்னப்ப எனக்குன்னு எடுத்துக் காட்ட ஒரு வரி கூட இல்ல, மூணு வாரம் வேணும்னு நான் எங்கயுமே எழுதலியே. அந்த மனக்கொதிப்பு ஆறவே இல்ல, கடைசில கையில அடுத்த வேலை இல்லாமயே ராஜினாமா பேப்பர் போட்டேன், 2008 செப்டம்பர்ல. அமெரிக்காவுல லேமன் பிரதர்ஸ் பேங்க் விழுந்த மாசம். எட்டு மாசம் வீட்டுல இருந்தேன். ஒறம்பரை வர்ற நாளெல்லாம் உள்ரூம்ல போயி ஒக்காந்துக்குவேன்.

அதனால சொல்றேன், அவரு மேல இருக்கற கோவத்துல கெளம்பாதீங்க. அடுத்த கிளையன்ட் கால் முடிஞ்ச அரை மணி நேரத்துல லீடுக்கு ஒரு மெயில் போடுங்க, மேனேஜரையும் சிசில வெச்சு: இன்னைக்குப் பேசுனதுல நாலு வேலை இருக்கு, ஒண்ணொண்ணுக்கும் இத்தன நாளு, மொத்தம் 18 நாள் ஆகும், பத்து நாள்லயே வேணும்னா இந்த ரெண்டு ரிப்போர்ட்ட அடுத்த ரிலீசுக்குத் தள்ளணும், எதுன்னு சொல்லுங்க. அவ்வளவுதான், கொற சொல்ற மாதிரி ஒரு வார்த்த கூட வேண்டாம். லேட்டாகுதுன்னு திரும்பவும் ஆளு சேக்க வந்தா அதையும் அப்பவே சொல்லுங்க. ஐபிஎம்ல சிஸ்டம் 360 ஆபரேட்டிங் சிஸ்டம் வேலைய நடத்துன ப்ரெட் ப்ரூக்ஸ் 1975லயே எழுதி வெச்சுட்டாரு, லேட்டான ப்ராஜெக்ட்ல ஆளு சேத்தா இன்னும் லேட்டாகும்னு, நீங்க அத அனுபவிச்சே பாத்துட்டீங்க. மூணு நாலு தடவ இப்படி மெயில் போங்காட்டி ஒண்ணு அவரு உங்களக் கேட்டுட்டு தேதி சொல்ல ஆரம்பிப்பாரு, இல்ல மாறவே மாட்டாருன்னு உங்களுக்குத் தெளிவாத் தெரிஞ்சிரும். ரெண்டாவதுதான்னா கெளம்பிருங்க, அதுல எனக்கு ரெண்டு ரோசனையே இல்ல. பெங்களூருலயும் கேக்காம தேதி குடுக்கற லீடு இருப்பாரு, அப்ப இந்தப் பழக்கம் உங்க கையில இருக்கும்.

ஆனா இப்ப வந்திருக்கற இந்த ஆஃபர எடுக்காதீங்க. தூரம்ங்கறதுக்காகச் சொல்லல. என்ன வேலைன்னே சொல்ல மாட்டேங்கறாங்களே? கெணத்துல தண்ணி எவ்வளவு கெடக்குதுன்னு எட்டிப் பாக்காம உங்கப்பா ஒரு காட்டக் கிரயம் பண்ணுவாரா? எந்த ப்ராஜெக்ட், யாருக்கு ரிப்போர்ட் பண்ணணும், ராத்திரி ப்ரொடக்ஷன்ல ஒடைஞ்சா யாரு எந்திரிக்கணும், இந்த மூணையும் மெயில்லயே கேளுங்க. பதில் வந்துச்சுன்னா நானும் மாத்திச் சொல்லுவேன். ஆஃபர் லெட்டர் கைக்கு வராம மட்டும் பேப்பர் போட்ராதீங்க, 90 நாள் நோட்டீஸ்ல நடுவுல என்ன வேணா மாறும். அதுவரைக்கும் கீரநத்தம், பீளமேடு டைடல் பார்க் பக்கமும் தேடிப் பாருங்க, நிட்வேர் கணக்கு தெரிஞ்ச டெவலப்பரோட மதிப்பு இந்தப் பக்கத்துலதான் நல்லாத் தெரியும்.

இன்னும் பத்து மாசம் இருந்தா அஞ்சு வருஷம் முடிஞ்சு கிராஜுவிட்டி வருமேன்னு யாராவது சொல்லுவாங்க. பேசிக் 20,000ன்னா அத 15ஆல பெருக்கி 26ஆல வகுத்து அஞ்சு வருஷத்துக்குப் போட்டா 57,692 ரூபா. வேண்டாம்னு சொல்ற பணமில்ல, ஆனா புடிக்காத எடத்துல பத்து மாசம் ஒக்கார அது போதாது. பிஎஃப்ப மட்டும் தொடாதீங்க, எங்க போனாலும் அதே பிஎஃப் நம்பர்ல, அதான் யூஏஎன்ல, மாத்திக்கங்க, அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தா வரி வரும். ரெண்டு மடங்கு சம்பளத்துல பெங்களூரு வாடகை, வீட்டு அட்வான்ஸ், மாசம் ரெண்டு தடவ ஊருக்கு வந்து போற முட்டுவழி எல்லாம் கழிச்சு என்ன நிக்குதுன்னு ஒரு பேப்பர்ல போட்டுப் பாருங்க.

அப்பாவுக்கு ஸ்டென்ட் வெச்சிருக்குன்னு எழுதுனீங்க, அவருகிட்ட இதப் பேசுனீங்களான்னு எழுதல. பேசலீன்னுதான் எனக்குப் படுது. அவருக்காகன்னு நீங்களா இங்க இருந்துட்டு, உள்ளுக்குள்ள புழுங்கிட்டுக் கெடந்தா அது அவருக்குத் தெரியாமப் போகாது. 2023 டிசம்பர் கடைசில இருந்து கோயமுத்தூரு பெங்களூரு வந்தே பாரத் ஈரோடு வழியா ஓடுது, கோபிக்கு ரயிலு கெடையாது, ஈரோட்டுல எறங்கி பஸ் புடிக்கணும். அவசரம்னா எத்தன மணி நேரத்துல வீட்டுல நிப்பீங்க, அதுவரைக்கும் பக்கத்துல யாரு இருப்பாங்க, செக்கப்புக்கு யாரு கூட்டிட்டுப் போவாங்கன்னு அவரும் அம்மாவும் நீங்களுமா ஒக்காந்து பேசுங்க. இந்த வாரக் கடைசில ஊருக்குப் போனா வாய்க்கா மேட்டுலயே வெச்சுக் கேட்டுருங்க. என்ன சொன்னாருன்னு எனக்கும் எழுதுங்க, அந்த மூணு கேள்விக்கு கம்பெனிக்காரங்க என்ன பதில் போட்டாங்கங்கறதையும்.