இலைக்கோழியில் அப்பா ஏன் அடைகாக்கிறது?

பதுளையிலிருந்து மகியங்கனைக்கு இறங்கியபோது குளத்தில் நீளவால் இலைக்கோழி என்ற நீர்ப்பறவையைப் பார்த்தீர்களாம். முட்டைமேல் இருந்தது ஆண் என்றார்கள், உண்மையா என்று கேட்கிறீர்கள். உண்மைதான். பெண் 4 முட்டை இட்டுவிட்டு அடுத்த ஆணிடம் போய்விடும். ஆண் சுமார் 26 நாள் அடைகாத்து, குஞ்சுகளையும் பார்த்துக்கொள்ளும். நம் தேயிலைத் தோட்டங்களில் அம்மா கொழுந்தெடுக்கப் போனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளைமடுவம் இருக்கிறது. இங்கே அப்பாதான் மடுவம்!

மிதக்கும் இலைகள்மேல் கூடு, அதனால் முட்டைகள் அடிக்கடி பறிபோகும். அடைகாக்கும் வேலை இல்லாத பெண் சீக்கிரமே மறுபடி முட்டையிட்டு அதை ஈடுகட்டிவிடும். ஆனால் அடையில் உட்கார்ந்த ஆண்கள் இணைசேரக் கிடைக்காதே! மிச்சமிருக்கும் சில ஆண்களுக்காகத்தான் பெண்களுக்குள் சண்டை. சண்டையில் பெரிய உடம்புக்குத்தான் வெற்றி. பெண் ஆணைவிடப் பெரிதாக இருப்பது அதனால்தான். நீள வாலை வைத்துப் பிரிக்கப் பார்க்காதீர்கள், இனப்பெருக்கக் காலத்தில் அது இரண்டுக்கும் உண்டு.